பள்ளிக்குப் பிறகு எங்கே?

அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களும் கல்லூரியும்

பதினெட்டு வயதில் மூடும் கதவு

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிள்ளைகள் பல வழிகளில் போகிறார்கள். ஒருவர் கல்லூரிக்குப் போகிறார். ஒருவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேருகிறார். இன்னொருவர் கடையிலோ வயலிலோ வேலைக்குப் போகிறார். சிலருக்குக் கல்யாணப் பேச்சு தொடங்குகிறது.

ஆனால் சில வீடுகளில் ஒரு பிள்ளை மட்டும் எங்கும் போவதில்லை. அந்தப் பிள்ளைக்கு மெதுவாகத்தான் புரியும். கணக்கு வராது. படிக்கத் தெரிந்தாலும் திக்கித் திக்கித்தான் படிக்கும். இத்தனை நாள் சிறப்புப் பள்ளிக்கோ ஊர்ப் பள்ளிக்கோ போய் வந்தது. பதினெட்டு வயது ஆனதும் பள்ளி முடிந்துவிட்டது. இனி போக இடம் இல்லை.

தம்பி கல்லூரிக்குக் கிளம்புவதை அண்ணன் வாசலில் நின்று பார்க்கிறான். "நானும் வர்றேன்" என்கிறான். வீட்டில் யாருக்கும் பதில் சொல்லத் தெரிவதில்லை.

பகல் முழுவதும் அவன் வீட்டிலேயே இருக்கிறான். பள்ளியில் கற்றது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகிறது. தானே சட்டை பொத்தான் போட்டவனுக்கு இப்போது அம்மா போட்டுவிடுகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் அம்மா வேலைக்குப் போவதை விட்டுவிடுகிறாள். வீட்டின் வருமானமும் குறைகிறது.

இப்படிப்பட்ட இளைஞர்களுக்குக் கல்லூரி வாசலைத் திறக்க முடியுமா? முடியும் என்று சில நாடுகள் செய்து காட்டியிருக்கின்றன. அது எப்படி நடந்தது? நம் நாட்டில் என்ன நிலை? நாம் என்ன செய்யலாம்? இவற்றைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

அறிவுசார் குறைபாடு என்றால் என்ன?

முன்பு "மூளை வளர்ச்சி குன்றியவர்" என்று சொன்னார்கள். ஊரில் இன்னும் மோசமான சொற்களும் உண்டு. அந்தச் சொற்கள் மனிதரைப் புண்படுத்தும். இப்போது "அறிவுசார் குறைபாடு உள்ளவர்" என்று சொல்கிறோம். சட்டத்திலும் பழைய பெயரை மாற்றிவிட்டார்கள்.

இந்தக் குறைபாட்டில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கும்.

ஒன்று, புதிதாகக் கற்பது, யோசிப்பது, ஒரு சிக்கலைத் தீர்ப்பது ஆகியவை கடினமாக இருக்கும்.

இரண்டு, அன்றாட வாழ்க்கை வேலைகள் கடினமாக இருக்கும். பணம் எண்ணுவது, பஸ் ஏறுவது, நேரம் பார்ப்பது, மற்றவரோடு பழகுவது போன்றவை இதில் அடங்கும்.

இவை பெரியவரான பிறகு திடீரென்று வருபவை அல்ல. பிறக்கும்போதோ, வளரும் வயதிலோ தொடங்குபவை.

இது மனநோய் அல்ல. மனநோய் எந்த வயதிலும் வரலாம். அதற்கு மருந்து உண்டு. அறிவுசார் குறைபாட்டை மருந்தால் மாற்ற முடியாது. ஆனால் பயிற்சியால் அவர் நிறையக் கற்க முடியும். இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

இதற்குக் காரணங்கள் பல. சிலருக்குப் பிறவியிலேயே உடல் அணுக்களில் மாற்றம் இருக்கும். டவுன் நோய்க்குறி அப்படிப்பட்டது. நம் உடலின் அணுக்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு 47 இருக்கும். சில குழந்தைகளுக்குப் பிரசவ நேரத்தில் மூளைக்குப் போதிய காற்று கிடைத்திருக்காது. சிலருக்குச் சிறுவயதில் மூளைக் காய்ச்சல் வந்திருக்கும். கர்ப்ப காலத்தில் தாய்க்கு அயோடின் சத்துக் குறைந்தாலும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தச் சொல்வதன் காரணம் இதுதான்.

முன்வினைப் பாவமோ, யாரோ வைத்த செய்வினையோ இதற்குக் காரணம் அல்ல. தாய்மேல் பழி போடுவதும் தவறு.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் சுமார் 15 லட்சம் பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். பல வீடுகளில் இதை வெளியே சொல்வதில்லை. ஆகவே உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குக் குறைபாடு லேசாக இருக்கும். அவர்கள் எழுதப் படிக்கக் கற்பார்கள். வேலைக்குப் போவார்கள். சிலருக்குக் கடுமையாக இருக்கும். அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் ஒருவர் துணை தேவைப்படும். ஒவ்வொருவருக்கும் தேவையான உதவி வேறு வேறு.

பழைய எண்ணம் மாறியது

ஒரு காலத்தில் "இவர்களுக்குப் படிப்பு எதற்கு?" என்றுதான் எல்லா நாடுகளிலும் கேட்டார்கள். பல நாடுகளில் இவர்களைப் பெரிய விடுதிகளில் அடைத்து வைத்தார்கள். வெளி உலகமே தெரியாமல் அவர்கள் வாழ்ந்து முடித்தார்கள்.

நம் நாட்டில் பெற்றோரும் நல்ல மனம் கொண்ட சிலரும் சேர்ந்து சிறப்புப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். மும்பையில் உள்ள ஜெய் வகீல் பள்ளி 1944-இல் தொடங்கியது. 1984-இல் மத்திய அரசு செகந்திராபாத்தில் ஒரு தேசிய நிறுவனத்தை நிறுவியது. சிறப்பு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது அதன் முக்கியமான வேலை. கற்பிக்கும் முறைகளையும் அது உருவாக்குகிறது.

பள்ளிகள் வந்தன. சரி. பள்ளிக்குப் பிறகு? அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

கனடாவில் ஒரு தொடக்கம்

கனடா நாட்டில் ஆல்பர்ட்டா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைத்தார்கள். பள்ளி முடிந்தது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் கல்லூரிக்குப் போனார்கள். "எங்கள் பிள்ளையும் அவர்களோடு போகட்டுமே" என்று இந்தப் பெற்றோர் கேட்டார்கள்.

1987-இல் எட்மண்டன் நகரில் உள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் அதற்கு இடம் கொடுத்தது. அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்கள் பல்கலைக்கழக வகுப்புகளில் மற்றவர்களோடு உட்கார்ந்தார்கள். தனி வகுப்பறை இல்லை. தனிக் கட்டடம் இல்லை. துணைக்குச் சில பணியாளர்கள் மட்டும் இருந்தார்கள்.

பிறகு பல நாடுகளில் இந்த முறை பரவியது.

அமெரிக்காவில் சட்டம் வந்தது

அமெரிக்காவில் 1975-இல் ஒரு சட்டம் வந்தது. குறைபாடு உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கல்வி இலவசமாகத் தரவேண்டும் என்றது அது. அந்தச் சட்டத்தால் பள்ளிகள் திறந்தன. அங்கும் பள்ளிக்குப் பிறகு என்ன என்ற கேள்வி எழுந்தது.

2008-இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் இரண்டு முக்கியமான மாற்றங்கள் வந்தன.

முதல் மாற்றம் பண உதவி பற்றியது. ஏழை மாணவர்களுக்கு அந்நாட்டு அரசு கல்வி உதவித்தொகை தருகிறது. அதைப் பெறப் பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கவும் வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த இரண்டும் கடினம். அரசு ஒப்புதல் பெற்ற சிறப்புத் திட்டத்தில் அவர்கள் சேர்ந்தால், இந்த இரண்டும் இல்லாமலே உதவித்தொகை கிடைக்கும் என்று சட்டம் மாறியது.

இரண்டாவது மாற்றம் கல்லூரிகள் பற்றியது. இத்தகைய திட்டங்களைத் தொடங்கும் கல்லூரிகளுக்கு அரசு பணம் தரலாம் என்று சட்டம் சொன்னது. 2010-இல் 27 திட்டங்களுக்கு முதன்முதலாக அந்தப் பணம் கிடைத்தது. இன்று அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய திட்டங்கள் இருக்கின்றன.

உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. திட்டத்தில் சேர்ந்த மாணவர் தம் படிப்பு நேரத்தில் குறைந்தது பாதியையாவது குறைபாடு இல்லாத மற்ற மாணவர்களோடு செலவிட வேண்டும். ஏன் இந்த நிபந்தனை? இல்லாவிட்டால் கல்லூரிக்குள்ளேயே ஒரு மூலையில் தனி அறை கட்டி, அதில் உட்கார வைத்துவிடுவார்கள். பெயருக்குக் கல்லூரி, உள்ளே பழைய சிறப்புப் பள்ளி என்று ஆகிவிடும்.

அங்கே என்ன படிக்கிறார்கள்?

"அவன் போய் அங்கே என்ன படிப்பான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

பெரும்பாலும் இவை இரண்டு முதல் நான்கு ஆண்டுத் திட்டங்கள். முடிவில் சான்றிதழ் கிடைக்கும். அது பட்டம் அல்ல. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

சேரும்போது முதலில் மாணவரை உட்கார வைத்துப் பேசுகிறார்கள். "உனக்கு என்ன பிடிக்கும்? என்ன வேலை செய்ய ஆசை? எங்கே வாழ விரும்புகிறாய்?" என்று அவரிடமே கேட்கிறார்கள். பெற்றோரும் உடன் இருப்பார்கள். ஆனால் முதல் பேச்சு மாணவருடையது. அந்தப் பதிலை வைத்துப் படிப்பைத் திட்டமிடுகிறார்கள்.

பிறகு நான்கு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது வகுப்பு. குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்ய விரும்புபவர் குழந்தை வளர்ப்பு பற்றிய வகுப்பில் உட்காருவார். ஆடு மாடு பிடித்தவர் கால்நடை வகுப்புக்குப் போவார். மற்ற மாணவர்கள் நாற்பது பக்கம் படித்தால், இவர் அதன் சாரத்தை எளிய நடையில் நான்கு பக்கமாகப் படிப்பார். மற்றவர் கட்டுரை எழுதினால், இவர் படம் ஒட்டிய அட்டையைக் காட்டி வாயால் விளக்குவார். பலர் தேர்வு எழுதாமலேயே வகுப்பில் இருந்து கேட்பார்கள். கேட்பதும் கற்பதுதான்.

இரண்டாவது துணை மாணவர். அதே கல்லூரியில் படிக்கும் ஒருவர் இவருக்குத் தோழராக இருப்பார். குறிப்பு எடுக்க உதவுவார். உணவுக்கூடத்தில் சேர்ந்து சாப்பிடுவார். விளையாட்டுக்கும் விழாவுக்கும் கூட்டிப் போவார். இதனால் அந்தத் துணை மாணவரும் கற்கிறார். நாளை அவர் ஆசிரியராகவோ மருத்துவராகவோ அதிகாரியாகவோ ஆகும்போது, இப்படிப்பட்ட ஒருவரைக் கண்டு விலகிப் போகமாட்டார்.

மூன்றாவது வேலைப் பழக்கம். நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, அலுவலகத்தில் தபால் பிரிப்பது, சமையற்கூடத்தில் உதவுவது, கடையில் பொருள் எடுத்துத் தருவது என்று பல வேலைகளைச் செய்து பார்ப்பார். ஆரம்பத்தில் ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் நிற்பார். கைப்பழக்கம் வந்ததும் அவர் மெல்ல விலகிக்கொள்வார்.

நான்காவது வாழ்க்கைப் பழக்கம். பஸ்ஸில் தனியாகப் போவது, கைப்பேசியில் பேசுவது, சம்பளத்தைச் செலவு போகச் சேமிப்பது, துணி துவைப்பது, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, பிடிக்காததற்கு "வேண்டாம்" என்று சொல்வது ஆகியவை இதில் அடங்கும். விடுதியில் தங்கும் வசதி உள்ள இடங்களில் இவற்றை நன்றாகக் கற்கிறார்கள்.

பயன் உண்டா?

பயன் உண்டு. இத்திட்டங்களில் படித்து முடித்தவர்களில் வேலைக்குப் போவோர் அதிகம். அதே குறைபாடு உள்ள மற்றவர்களில் அத்தனை பேர் வேலைக்குப் போவதில்லை. படித்தவர்களுக்கு நண்பர்களும் கூடுகிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்திட்டங்களில் சேருபவர்கள் பெரும்பாலும் ஆதரவான குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பமும் வேலை தேடித் தருகிறது. எனவே எல்லாப் புகழும் கல்லூரிக்கு மட்டும் சேராது.

குறைகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் இப்படிப்பு செலவு மிகுந்தது. அரசின் உதவித்தொகை கிடைத்தாலும் அரசின் கல்விக் கடன் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. பணம் இல்லாத குடும்பங்கள் பல தவிக்கின்றன. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்குப் பல கல்லூரிகளில் இடம் கிடைப்பதில்லை. வழி திறந்திருக்கிறது. ஆனால் இன்னும் குறுகலாகத்தான் இருக்கிறது.

பட்டம் பெற்ற பாப்லோ

சிலர் பட்டமே பெற்றிருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டில் மாலகா என்ற ஊரில் 1974-இல் பிறந்தவர் பாப்லோ பினேடா. அவருக்கு டவுன் நோய்க்குறி உண்டு. அவர் ஊர்ப் பள்ளியில் மற்றவர்களோடு படித்தார். பிறகு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சியும் கல்வி உளவியலும் படித்தார். டவுன் நோய்க்குறி உள்ளவர்களில் ஐரோப்பாவில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர்தான். 2009-இல் ஒரு திரைப்படத்தில் நடித்தார். அதற்காக ஸ்பெயினில் சான் செபாஸ்தியான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் பெற்றார்.

எல்லோரும் பாப்லோ போலப் பட்டம் பெற முடியாது. பட்டம் பெற முடியாதவருக்கும் கல்லூரியில் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1995-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு சட்டம் வந்தது. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஓர் உடன்படிக்கை செய்தது. 2007-இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி 2016-இல் புதிய சட்டம் இயற்றினார்கள். அது 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள சில உரிமைகளைப் பாருங்கள்.

* 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அக்கம்பக்கப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விரும்பிய இடத்தில் சேரலாம்.
* அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள். சேரும் வயது வரம்பிலும் 5 ஆண்டு சலுகை.
* அரசு வேலைகளில் 4 விழுக்காடு ஒதுக்கீடு. இதில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் வேறு சில பிரிவினரோடு சேர்ந்து 1 விழுக்காட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.
* முதியோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் மற்றவர்களுக்குச் சமமான பங்கு.

முதல் மூன்று உரிமைகளைப் பெறக் குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்குமேல் இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும்.

கடைசியில் சொன்ன உரிமையை இன்னொரு முறை படியுங்கள். அது நம் கற்றல் மையத்தைப் பற்றியது. நாம் உட்கார்ந்து படிக்கும் இடத்தில் அவர்களுக்கும் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது.

ஐந்து விழுக்காட்டில் உள்ள சிக்கல்

கல்லூரியில் 5 விழுக்காடு இடம் இருக்கிறதே, பிறகு என்ன குறை என்று தோன்றும்.

அந்த இடத்தைப் பெறப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். கண் பார்வை இல்லாதவர் உதவியாளர் மூலம் தேர்வு எழுதித் தேறுவார். நடக்க முடியாதவருக்குச் சாய்தளம் கட்டினால் வகுப்புக்கு வந்துவிடுவார். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குப் பாடமே தடையாக நிற்கிறது. பாடத்தையும் தேர்வையும் மாற்றாமல் இடத்தை மட்டும் ஒதுக்கினால், அந்த இடம் அவருக்குப் பயன்படாது.

கல்லூரி வாசலில் மாற்றுத்திறனாளிகளுக்கு வரவேற்பு என்று எழுதியிருக்கும். இவருக்கு மட்டும் அந்த வாசல் மூடியே இருக்கும்.

ஆகவேதான் பட்டம் இல்லாத சான்றிதழ்த் திட்டம் தேவைப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறாதவரும் அதில் சேர முடியவேண்டும். வகுப்பு, துணை மாணவர், வேலைப் பழக்கம், வாழ்க்கைப் பழக்கம் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். இருக்கும் கல்லூரியும், பயிற்சி பெற்ற ஓரிரு சிறப்பு ஆசிரியர்களும், முன்வரும் மாணவர்களும் போதும். இதைக் கேட்கும் குரல்தான் நம் நாட்டில் இன்னும் பலமாக எழவில்லை.

இப்போதே உள்ள வழிகள்

கல்லூரி வாசல் திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இப்போதும் சில வழிகள் உண்டு.

திறந்தநிலைப் பள்ளி: தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989-இல் தொடங்கியது. இதில் மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக்குச் சமமான அடிப்படைக் கல்வி உண்டு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் உண்டு. எல்லாப் பாடங்களையும் ஒரே தடவையில் எழுத வேண்டாம். ஒவ்வொன்றாக எழுதலாம். 5 ஆண்டுகளுக்குள் 9 வாய்ப்புகள் உண்டு. லேசான குறைபாடு உள்ளவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. இதில் தேறினால் கல்லூரியின் 5 விழுக்காட்டு இடத்தையும் கேட்கலாம்.

ஊராட்சியின் மையங்கள்: கேரளத்தில் ஊராட்சிகளும் நகராட்சிகளும் "பட்ஸ்" என்ற பெயரில் பள்ளிகளை நடத்துகின்றன. குடும்பஸ்ரீ பெண்கள் இயக்கம் அவற்றுக்குத் துணை நிற்கிறது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மறுவாழ்வு மையங்களும் உண்டு. பகலில் பிள்ளை மையத்தில் இருக்கும். அம்மா வேலைக்குப் போகலாம். ஓர் ஊராட்சி மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது சாட்சி.

வேலை: 2017-இல் கர்நாடகத்தின் ஹூப்ளியில் "மிட்டி கஃபே" என்ற சிற்றுண்டிக் கடை தொடங்கியது. அங்கே மாற்றுத்திறனாளிகளே வேலை செய்கிறார்கள். அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் உண்டு. இன்று பல ஊர்களில், கல்லூரி வளாகங்களிலும் அலுவலகங்களிலும் அதன் கடைகள் இருக்கின்றன. 2023 நவம்பரில் தில்லியில் உச்சநீதிமன்ற வளாகத்திலேயே ஒரு கடை திறந்தார்கள். சில தங்கும் விடுதி நிறுவனங்களும் டவுன் நோய்க்குறி உள்ளவர்களை உணவு பரிமாறும் வேலையில் வைத்திருக்கின்றன.

அடையாள அட்டை: இதுதான் முதல் படி. அரசு மருத்துவமனையில் சோதித்துச் சான்று பெற வேண்டும். தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். லேசான குறைபாடு உள்ளவருக்கும் 50 விழுக்காடு என்று சான்று தர விதி இருக்கிறது. "என் பிள்ளைக்குக் கொஞ்சம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அட்டை இல்லாவிட்டால் பல உரிமைகள் கைக்கு வராது.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

படித்தால் குறைபாடு தீர்ந்துவிடுமா?

தீராது. ஆனால் செய்யத் தெரிந்த வேலைகள் கூடும். பிறரை நம்பியிருக்கும் நேரம் குறையும். பத்து ரூபாய்க்குத் தேநீர் வாங்கி மீதிச் சில்லறையைச் சரிபார்க்கத் தெரிந்தால், அதுவும் ஒரு சுதந்திரம்தான்.

வெளியே அனுப்பினால் கேலி செய்வார்களே?

செய்வார்கள். சிலர் ஏமாற்றவும் பார்ப்பார்கள். அதனால்தான் துணை மாணவர் தேவை. யாரை நம்பலாம், யார் தொட்டால் உடனே சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைக்குக் கற்றுத் தர வேண்டும். பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் இது பொது. வீட்டுக்குள் பூட்டி வைப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

பதினெட்டு வயது ஆனபின் அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியுமா?

பதினெட்டு ஆனால் சட்டப்படி அவர் பெரியவர். தாய் தந்தை தாமாகவே காப்பாளர் ஆகிவிட முடியாது. தேவைப்பட்டால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கான குழு உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். ஆனால் காப்பாளர் இருந்தாலும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். சட்டை நிறத்திலிருந்து தொடங்கலாம். "நீலமா, சிவப்பா?" என்று கேளுங்கள்.

எங்களுக்குப் பிறகு இவன் கதி என்ன?

எல்லாப் பெற்றோரையும் இரவில் தூங்கவிடாத கேள்வி இது. இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒன்று நிச்சயம். ஊரில் பத்துப் பேரைத் தெரிந்தவன், ஒரு வேலை தெரிந்தவன், தன் பெயரையும் விலாசத்தையும் சொல்லத் தெரிந்தவன் அனாதையாக நிற்பது குறையும். படிப்பு அந்தப் பத்துப் பேரைச் சம்பாதித்துத் தரும்.

நம் மையத்தில் என்ன செய்யலாம்?

2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட, எழுத்தறிவு பெறாத எல்லோருக்குமானது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை அதில் விலக்கவில்லை. உங்கள் தெருவில் அப்படி ஓர் இளைஞரோ பெண்ணோ இருந்தால் அழைத்து வாருங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தைப் பாருங்கள். வாக்கியங்கள் குட்டையாக இருக்கின்றன. சொற்கள் பழகியவை. வெளிநாட்டுக் கல்லூரிகளில் அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்களுக்குப் பாடத்தை எழுதித் தருவதும் ஏறக்குறைய இதே முறையில்தான். ஆகவே அவர்களுக்குக் கற்பிக்கும் கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சில பழக்கங்கள் மட்டும் தேவை.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.
* வாயால் சொல்வதோடு பொருளையும் காட்டுங்கள். ரூபாய் பற்றிச் சொன்னால் ரூபாயைக் கையில் கொடுங்கள்.
* பலமுறை செய்ய விடுங்கள். மறந்தால் மறுபடி சொல்லுங்கள்.
* வயதுக்கு ஏற்ற பாடம் கொடுங்கள். இருபத்தைந்து வயதுக்காரருக்குக் குழந்தைப் பாட்டு வேண்டாம். பஸ் பலகை, கடைச் சீட்டு, மருந்து உறை, சொந்தப் பெயர் ஆகியவை போதும்.
* "அண்ணா", "அக்கா", "தம்பி" என்று மற்றவர்களை அழைப்பதுபோல் அழையுங்கள். பட்டப்பெயர் வைக்காதீர்கள்.

"இந்த வயதில் படித்து என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று நம்மில் பலரையும் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் நாம் படித்தோம். பஸ் பலகையைப் படிக்கிறோம். கூலிச் சீட்டைச் சரிபார்க்கிறோம். அந்தக் கேள்வி எத்தனை தவறானது என்பது நமக்குத் தெரியும். அதே கேள்வியை இன்னொருவரிடம் நாம் கேட்கலாமா?

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். நம் ஊரில் பள்ளி முடித்து வீட்டில் இருக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரிடம் அடையாள அட்டை இருக்கிறது? கணக்கு எடுத்தாலே பாதி வேலை தொடங்கிவிடும். பக்கத்தில் கல்லூரி இருந்தால் முதல்வரைப் போய்ப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் நூலகத்திலோ, தோட்டத்திலோ, உணவுக்கூடத்திலோ இவர்கள் மாணவர்களோடு சேர்ந்து வேலை பழக இடம் தருவீர்களா என்று கேளுங்கள். கனடாவிலும் முதலில் சில பெற்றோர் இப்படித்தான் கேட்டார்கள்.

கலந்து பேசுவோம்

1. அறிவுசார் குறைபாட்டுக்கும் மனநோய்க்கும் என்ன வேறுபாடு?
2. கல்லூரியில் 5 விழுக்காடு இடம் இருந்தும் இவர்களுக்கு அது ஏன் பயன்படவில்லை?
3. உங்கள் ஊரில் உள்ள ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன வேலை பிடிக்கும்? இதுவரை யாராவது அவரிடம் கேட்டதுண்டா?
4. அவரை நம் மையத்துக்கு அழைத்து வரும் பொறுப்பை யார் ஏற்கிறீர்கள்? எந்தக் கிழமை?